உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு ஜெபம்?

இம்மாதம் நான் உங்களுக்கு எழுதுவது வெற்றியின் சாட்சி அல்ல. என் குறையை அறிக்கையிடும் சாட்சி.

2019-ஆம் ஆண்டு ஐதராபாத்தின் கூகட்பள்ளியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். கணவன், மனைவி இருவரும் மாதாப்பூரில் கணினி நிறுவனங்களில் வேலை செய்கிறவர்கள். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. அவ்வீட்டில் குடும்ப ஜெபம் அற்றுப்போயிருந்தது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து, பிள்ளைகளுக்குத் தேவ வார்த்தையைப் போதிக்கும் கடமையைக் குறித்து அரைமணி நேரம் ஆலோசனை சொன்னேன். விடைபெற எழுந்தபோது அவர்களுடைய சிறுமகள் என்னிடம், “பாஸ்டர் அங்கிள், உங்க வீட்ல எத்தனை மணிக்கு ஜெபம்?” என்று கேட்டாள்.

நான் சற்றும் தயங்காமல், “ஒன்பது மணிக்கும்மா” என்றேன்.

அது பொய். எங்கள் வீட்டில் குடும்பமாக ஜெபித்து ஏறக்குறைய இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. செகந்திராபாத் திரும்பும் பேருந்தில் அந்தப் பொய் என்னோடு கூடவே பயணம் செய்தது.

இது எப்படி நேர்ந்தது? திருநெல்வேலிச் சீமையில் என் தாயார் விளக்கேற்றியதும் பாயை விரிப்பார்கள். சங்கீதம் வாசிப்பது என் பங்கு. வேதாகமக் கல்லூரியில் அதிகாலை ஜெபம் தவறினதில்லை. ஊழியத்திற்காக இந்நகரத்திற்கு வந்து, ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியேறிய நாட்களிலும் நானும் என் மனைவியும் அதே ஊர்ப் பாயில்தான் முழங்காற்படியிட்டோம். பின்பு ஊழியம் பெருகியது. உபவாச ஜெபம், வீட்டுக் கூட்டங்கள் என்று அலைந்து நான் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். வேதத்தைத் தினமும் திறந்தேன். ஆனால் பிரசங்கக் குறிப்பு எடுக்கவே திறந்தேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் பட்டினியாய்ப் படுக்கும் சமையற்காரனைப் போலானேன்.

அன்றிரவு நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பரணிலிருந்த பாயை எடுத்துத் தூசி தட்டி விரித்தாள். பிள்ளைகளும் கூச்சத்தோடு வந்து அமர்ந்தார்கள். நாங்கள் வழக்கமாய்ப் பாடும் பாட்டின் இரண்டாம் சரணம் எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சங்கீதம், ஒரு சிறிய ஜெபம், பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். ஆனால் என் மகன் எனக்காக ஜெபித்ததை அன்றுதான் பல வருடங்களுக்குப் பின் கேட்டேன்.

பிரியமானவர்களே, 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். கர்மேலில் அக்கினி இறங்கியதை நாம் விரும்பிப் பிரசங்கிக்கிறோம். அதற்கு முன்பு எலியா செய்தது என்ன? தகர்ந்து கிடந்த பலிபீடத்தைப் பன்னிரண்டு கற்களால் செப்பனிட்டார். அக்கினி தேவனுடையது, கல்லை எடுத்து வைப்பது நம்முடையது. எழுப்புதலுக்காகச் சபையில் கூப்பிடுகிற நாம், வீட்டில் சரிந்து கிடக்கும் கற்களைத் தாண்டித் தாண்டி நடக்கிறோம்.

இந்நகரத்தின் முஷீராபாத்தில் ‘எபிரோன்’ என்னும் ஊழிய இல்லம் உண்டு. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, 1929-ல் கனடாவில் வேதத்தை வாசித்து இரட்சிக்கப்பட்ட சகோதரர் பக்த்சிங், ஊழியம் செய்த இடம் அது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மரித்தார். 1941-ல் சென்னையில் அவரது சபை ஊழியம் தொடங்கியதை நம் முதியவர்கள் அறிவார்கள். அவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் முழங்காலில் நின்று வேதம் வாசிக்கும் அவரது வழக்கத்தை எண்ணும்போதெல்லாம், நாற்காலியில் அமர்ந்து குறிப்பெடுக்கும் நான் வெட்கப்படுகிறேன்.

விட்டுப்போனதை எப்படித் திரும்பத் தொடங்குவது? சிறிதாகத் தொடங்குங்கள். இரவு வேலை செய்கிறவர்களுக்கு மாலை ஆறு மணி கிடைக்கலாம். இருவரும் வீட்டிலிருக்கும் பத்து நிமிடத்தைக் கண்டுபிடித்து, அதைக் கர்த்தருக்கென்று வேறுபிரியுங்கள். வேதத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் தொடருங்கள். தவறியதையே காரணமாக்கி விட்டுவிடாதிருங்கள்.

2020 மார்ச்சில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, எங்கள் வீட்டில் பாய் ஏற்கெனவே விரிக்கப்பட்டிருந்தது. அந்தக் கேள்வி சற்றுத் தாமதித்து வந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று நினைத்து இன்றும் தேவனைத் துதிக்கிறேன்.

அந்தப் பிள்ளையிடம் மறு ஞாயிறே உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவள் சற்று யோசித்து, “இப்போ ஒன்பது மணிக்கு ஜெபிக்கிறீங்களா?” என்றாள். “ஆமாம்மா” என்றேன். “அப்போ சரி, அங்கிள். நாங்க எட்டரைக்கு” என்றாள்.

உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு? மற்றவருக்குப் பதில் சொல்லுமுன் கர்த்தருக்கு முன்பாகப் பதில் சொல்லுங்கள். சரிந்த கற்களை எடுத்து வைக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் அவர் தாமே சந்தித்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.