கன்னத்தில் ஒரு கரும்புள்ளி

ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோர்களிடமும் என் பிழையொன்றை இன்று ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

மந்தின் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து வரும் நான்காம் ஆண்டு மாணவன், சிட்டுக்குருவியை வரைந்து வந்தான். அதன் வெள்ளைக் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி. "குருவிக்கு ஏதடா மச்சம்?" என்று கேட்டுச் சிவப்பு மையால் அதைச் சுழித்துவிட்டேன். என்னிடமிருந்த தமிழ்நாட்டுப் படப்புத்தகத்தில் அப்புள்ளி இல்லை; அதுவே எனக்குச் சான்று. வகுப்பு சிரித்தது. "எங்க வீட்டுக் கூரையில இருக்கு சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு அமர்ந்தான்.

மறுநாள் ஓய்வு நேரத்தில், சிற்றுண்டிச்சாலையருகே சோற்றுப் பருக்கைகளைக் கொத்திய குருவிகளை உற்று நோக்கினேன். ஒவ்வொன்றின் கன்னத்திலும் அந்தப் புள்ளி இருந்தது! நாள்தோறும் அவற்றைக் கடந்து சென்ற நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

நூல்களைப் புரட்டியபோது உண்மை விளங்கியது. தமிழ்நாட்டு முற்றங்களில் வாழ்வது 'பாஸர் டொமெஸ்டிகஸ்' எனும் வீட்டுக்குருவி. நம் மலேசியக் கூரைகளில் கூடு கட்டுவது பெரும்பாலும் 'பாஸர் மொன்டானஸ்' எனும் மரக்குருவி. 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் இரண்டிற்கும் தனித்தனியே பெயரிட்டுவிட்டார். நாம்தான் இரண்டையும் சிட்டுக்குருவி என்றே அழைத்து வருகிறோம்.

வேறுபாட்டைப் பிள்ளைகளே எளிதில் காணலாம். மரக்குருவியின் உச்சந்தலை செம்பழுப்பு, கன்னத்தில் கரும்புள்ளி, ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்குருவியில் ஆணின் உச்சந்தலை சாம்பல் நிறம், தொண்டையில் அகன்ற கருமை. பெண்ணோ தொண்டைக் கருமையற்ற வெளிர்பழுப்பு. இரண்டிற்கும் கன்னப்புள்ளி இல்லை. நம் நாட்டில் இவ்வீட்டுக்குருவி மரக்குருவியைவிட அரிது. ஆகவே, ஒரு குருவியைக் கண்டதும் முதலில் கன்னத்தைப் பாருங்கள். அடுத்து உச்சந்தலையைப் பாருங்கள்.

மறுவகுப்பில் அந்த மாணவனை முன்னே அழைத்தேன். "நீ வரைந்ததே சரி; பார்க்காமல் திருத்தியது என் தவறு" என்றேன். சுழித்த இடத்தின் அருகே சரியென்று குறியிட்டேன். அவன் சிரிக்கவில்லை, ஓவியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

இப்போது ஓய்வு நேரங்களில் நாலைந்து பேர் அவனோடு கூரையை அண்ணாந்து பார்க்கின்றனர். "புள்ளி இல்லாத குருவி வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சார் சொல்வேன்" என்கிறான்.

பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மை படுமுன், ஒருமுறை சன்னலுக்கு வெளியே பார்ப்போமே!