வேதாளத்தின் கடைசிக் கேள்வி

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளத்துக்கு நான் பெரிய கடன்பட்டவன். ஜொகூர் பாருவில் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களைக் கூட்டிவைத்துத் திகில் கதை ஆட்டம் நடத்துகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவார்கள். மற்றதெல்லாம் கேம் மாஸ்டரான என் பொறுப்பு: காடு, மழை, கதவைத் தட்டுவது, தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பது. இதை எப்படி நடத்துவது என்று சொல்லித்தரும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. ஆனால் அதன் சூட்சுமத்தை நான் அம்புலிமாமா படித்த வயதிலேயே வேதாளம் சொல்லிக்கொடுத்துவிட்டது.

நள்ளிரவு, சுடுகாடு. ஒரு சந்நியாசிக்கு வாக்குக் கொடுத்துவிட்ட ராஜா, மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வழியில் வாய் திறக்கக் கூடாது. பிணத்துக்குள் இருக்கும் வேதாளமோ, நடக்கிற களைப்புத் தெரியாமல் இருக்கட்டும் என்று கதை சொல்ல ஆரம்பிக்கிறது. அந்தக் கதைகளில் திகில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே பெண்ணுக்கு மூன்று மாப்பிள்ளைகள், தலை மாறிப்போன கணவன் என்று முக்கால்வாசி குடும்ப வழக்குகள்தான். ஆனால் கதையை ஒரு முடிச்சில் நிறுத்திவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று வேதாளம் கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலையும். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். ராஜா திரும்பிப் போய் அதே பிணத்தை மறுபடி தூக்க வேண்டும். வாயைத் திறப்பதா வேண்டாமா என்று அவன் தடுமாறுகிற அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கதை கேட்க வந்தவனைக் கதைக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறது வேதாளம்.

எங்கள் மேசையில் ஒரு கதை, 1950-களில் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்தது. விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு பால் மரம் வெட்டப் போகிற நேரம். ஒருவனுடைய விளக்கு அணைகிறது. பக்கத்து நிரையிலிருந்து யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இவ்வளவுதான் நான் சொன்னது. அந்தப் பாத்திரத்தை ஆடிய தம்பியைப் பார்த்து, "உனக்குத் தெரிஞ்ச குரல்தான். யாரோடது?" என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"பாட்டிண்ணே," என்றான். "ஆனா பேரை முழுசா சொல்லிக் கூப்பிடறாங்க. பாட்டி என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல."

எதிரில் இருந்தவர் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். அந்த வரியை நான் எத்தனை நாள் யோசித்தாலும் எழுதியிருக்க முடியாது. அவன் பாட்டி அவனிடம்தான் இருந்தாள். பக்கம் பக்கமாக வர்ணனை எழுதிவந்து வாசிக்கிற கேம் மாஸ்டர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். கைபேசியில் ஓநாய் ஊளையைப் போடுகிறவர்களோடு சுத்தமாக ஒத்துப்போகாது. ஜொகூரில் ஏது ஓநாய்?

இந்த வகை ஆட்டங்களுக்கு மூத்தது, 1981-இல் கேயாசியம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு'. சாண்டி பீட்டர்சன் அதில் பாத்திரத்தின் சித்த சுவாதீனத்துக்கே ஒரு எண் கொடுத்தார். காணக் கூடாததைக் கண்டால் பகடை உருட்ட வேண்டும், தவறினால் எண் இறங்கும். பிறகு வந்த 'டிரெட்' ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து கட்டைகளை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் ஆள் போய்விடுவான். கோபுரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது, ஆட்டத்துக்கு முன்னால் கேம் மாஸ்டர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் கேள்வித்தாள். 'உன் தம்பியிடம் இன்னும் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?' என்று நான் எழுதுவேன். தம்பி உண்டா என்று கேட்பதில்லை. பதில் எழுதி முடிக்கும்போது தம்பியும் பிறந்திருப்பான், அவனோடு போட்ட சண்டையும் பிறந்திருக்கும்.

ஸ்டீபன் டூயி 2015-இல் வெளியிட்ட 'டென் கேண்டில்ஸ்' ஆட்டத்துக்குப் பத்து மெழுகுவர்த்தி வேண்டும். எதனால் அணைந்தாலும் அணைந்ததுதான், திரும்ப ஏற்றக் கூடாது. அந்தக் காட்சி அதோடு முடிந்தது. கடைசிச் சுடர் போகும்போது ஒருவரும் பிழைப்பதில்லை என்பது ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரியும். ஜொகூர் வெக்கையில் இதை ஆடுவதென்றால் காற்றாடியை நிறுத்தி, சன்னலையும் சாத்தியாக வேண்டும். கழுத்தில் வியர்வை வழியும். ஒருவர் பலமாகச் சிரித்தால்கூட மற்றவர்கள் கண் சுடருக்குப் போகும்.

வடமொழிக் கதையில் வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழில் சொன்னவர் யாரோ, அதை முருங்கையாக்கிவிட்டார். ஒரு ஆள் ஏறினாலே முறிகிற கொல்லைப்புறத்து மரத்தில் பிணத்தைத் தொங்கவிட்ட அந்தத் துணிச்சலை எண்ணி எண்ணி வியக்கிறேன். இங்கே மலாய்க்காரர் கதைகளில் வாழைமரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரசவத்தில் செத்துப்போன பொந்தியானாக் அதில் குடியிருக்கிறாள். அவளை 1957-இல் மரியா மெனாடோவை நடிக்கவைத்து, சிங்கப்பூரின் கேத்தே கிரிஸ் நிறுவனத்துக்காகப் படமாக்கியவர் பி. என். ராவ். ஜெமினியின் 'மதனகாமராஜன்' (1941) படத்தை இயக்கிய அதே ராவ்! அந்தப் பொந்தியானாக் படத்துக்கு இன்று பிரதி இல்லை என்கிறார்கள். பார்த்த பெரியவர்களின் வாயில்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பெரியம்மா சொல்லும் காட்சி பெரியப்பா சொல்வதில் வராது. சண்டை போட்டுக்கொண்டே இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

ஜொகூரில் நான் கேட்ட கதைகளில் என்னை மிகவும் அலைக்கழிப்பது கோத்தா திங்கிக் கதை. மசக்கைக்காரியான டாங் அனும், அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள் என்று சுல்தான் மாமூட் அவள் வயிற்றைக் கீறச் சொன்னான். பிந்தானைச் சேர்ந்த கணவன் மெகாட் ஸ்ரீ ராமா அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தவன், 1699-இல், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆள் தோளில் ஏறிப் போய்க்கொண்டிருந்த சுல்தானைக் குத்திக் கொன்றான். உயிர் பிரியும்போது சுல்தான் சாபமிட்டான்: பிந்தான் வம்சத்தார் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கி மண்ணை மிதித்தால் ரத்தம் கக்கிச் சாவார்கள். பேயே இல்லாத கதை. ஒரு பலாச்சுளை போதுமானதாக இருந்திருக்கிறது.

எங்கள் மேசை நடுவில் எப்போதும் எக்ஸ் போட்ட அட்டை ஒன்று கிடக்கும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உண்டாக்கிய வழக்கம். யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. டாங் அனும் கதையை ஆடிய அன்று, மனைவி முழுகாமல் இருக்கிற நண்பர் அட்டையைத் தொட்டார். வயிற்றைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பலாப்பழ வாசனையோடு நிறுத்திக்கொண்டு, கணவனின் படகு கரை சேரும் இடத்துக்குப் போனோம். நம்பி வந்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த மரியாதை இல்லையென்றால், பயமுறுத்தும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

வேதாளத்தின் கடைசிக் கதையில் அப்பன் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான், அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயைக் கட்டிக்கொள்கிறான். இரு பக்கமும் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமாதித்தன் யோசித்துப் பார்க்கிறான். தெரியவில்லை. தெரியாததால் தலை வெடிக்கவில்லை, பேசாததால் வேதாளம் பறக்கவில்லை. அப்படியே நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மனமிரங்கி, சந்நியாசி அவனைப் பலிகொடுக்கக் காத்திருப்பதைச் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறது. அந்த விடை வேதாளத்துக்கும் தெரியாது என்பது என் எண்ணம். மற்ற கேள்விகளை விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. இதை மட்டும் உண்மையாகவே கேட்டது.

அப்படி ஒரு கேள்விக்காகத்தான் கோத்தா திங்கியையே சுற்றிக்கொண்டிருந்தேன். தலைமுறைக்கு முப்பது வருஷம் வைத்தால் சாபம் 1900-களின் தொடக்கத்தில் தீர்ந்துபோகிறது. ஆனால் எங்கிருந்து எண்ணுவது? குத்தியவனே முதல் தலைமுறையா? அவன் பிள்ளைதான் வயிற்றிலேயே போய்விட்டதே. அப்படியானால் அண்ணன் தம்பி வழியா? இப்போது தயார் செய்கிற ஆட்டம், ஜொகூர் பாலத்தை அதிகாரபூர்வமாகத் திறந்த 1924-இல் நடக்கிறது. பிந்தானிலிருந்து ஒரு பெண் படகேறி ஜொகூர் ஆற்றில் வருகிறாள். கூடவே தோட்டத்துக்குப் போகும் தமிழ்க் கூலிகள். தான் ஏழாம் தலைமுறையா எட்டாம் தலைமுறையா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, என் குறிப்பேட்டிலும் அதை எழுதப்போவதில்லை. கோத்தா திங்கித் துறையில் படகு தட்டியதும், இறங்குகிறாளா என்று கேட்பேன். கை கொடுத்து இறக்கிவிடுவது யார் என்று கூலிகளையும் கேட்பேன். அந்தப் பெண்ணை யார் ஆடுவது என்று இப்போதே இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள். பகடை உருட்டித்தான் தீர்க்க வேண்டும்.