தேய்மானம்

தேய்மானம் என்ற வார்த்தைக்கு என்னைப் போல காமர்ஸ் படித்தவர்கள் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறோம். ஒரு பொருளை வாங்கிய நிமிஷத்திலிருந்து அதன் மதிப்பு இறங்க ஆரம்பிக்கிறது. வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். வண்டி என்றால் 15 சதவிகிதம். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மோட்டார் சைக்கிள் முதல் வருஷக் கடைசியில் 8,500 ரூபாய். பத்து வருஷத்தில் ஏறக்குறைய 1,970. நாற்பது வருஷத்தில்..? பதினைந்தே ரூபாய்! ஒரு டீ குடிக்கலாம்.

இதே வார்த்தையை ஒரு பாலீஷ் பட்டறையில் போய்ச் சொல்லிப்பாருங்கள். சிரிப்பார்கள். அங்கே தேய்க்கத் தேய்க்கத்தான் மதிப்பு ஏறும்!

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ, மாட்டுக் கொட்டகையிலோ ஒரு பழைய புல்லட்டோ, யெஸ்டியோ, ராஜ்தூத்தோ சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கிறதா? 'காயலான் கடைக்குப் போட்டுத் தொலைங்க' என்று வீட்டில் தினமும் பாட்டு கேட்கிறதா? இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

எங்கள் பெரியப்பாவிடம் அப்படி ஒன்று இருக்கிறது. 1974-ம் வருஷ என்ஃபீல்டு புல்லட். திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. கியரும் கிக்கரும் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இன்றைய பிள்ளைகளிடம் கொடுத்தால், பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டு முழிப்பார்கள். கும்பகோணத்துக்கும் நாச்சியார்கோவிலுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் நாற்பது வருஷம் ஓடிய வண்டி. பெரியப்பாவின் முழங்கால் கிக்கர் உதைக்க மறுத்த நாளிலிருந்து திண்ணையில் நிற்கிறது.

பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், போன கோடையில் ஒரு லிஸ்ட்டோடு வந்தான். வண்டியைப் புதுசாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். டேங்க்குக்கு பெயின்ட், சைலன்ஸருக்கு குரோம், சீட்டுக்குப் புது ரெக்ஸின்... "அலுமினியம் பார்ட்ஸை மட்டும் நீ பார்த்துக்கடா. கண்ணாடி மாதிரி இருக்கணும். அதுல நான் முகம் பார்த்து ஷேவ் பண்ணணும்" என்றான். நான் லீவில் இருந்தேன். சரி என்று தலையாட்டினேன்.

அலுமினியம் ஒரு விசித்திரமான உலோகம். இன்றைக்கு டீக்கடைப் பாத்திரம் என்று ஏளனமாகப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அது அபூர்வப் பொருள். 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது உச்சியில் கௌரவமாக வைத்தது அலுமினியத்தால் செய்த ஒரு சின்ன கூம்பைத்தான். 1886-ல் மின்சாரத்தைக் கொண்டு பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் விலை மளமளவென்று சரிந்தது. பன்னிரண்டே வருஷத்தில், 1898-ல், மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். ராஜமரியாதையிலிருந்து சமையலறைக்கு வந்துவிட்டது!

இன்னொரு விசித்திரம். இரும்பு துருப்பிடித்தால் துரு உதிரும், அடியில் இருக்கும் இரும்பு மறுபடி துருப்பிடிக்கும். கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. அலுமினியமும் 'துரு'ப்பிடிக்கிறது. ஆனால் அந்தத் துரு உதிராது. காற்று பட்ட மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்கு கனம்தான். நீங்கள் சுரண்டி எடுத்தாலும் உடனே வளர்ந்துவிடும். அதுதான் உலோகத்துக்குக் காவல்.

அப்படியென்றால் பழைய வண்டியின் இன்ஜின் கவர் ஏன் மங்கிப்போகிறது? உப்பும் சேறும் ஈரமும் பட்டுப்பட்டு மேற்பரப்பு குண்டும் குழியுமாகிவிடுகிறது. மேடுபள்ளத்தில் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. சமமான பரப்பில் பட்டால் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. பளபளப்பு என்பது அவ்வளவுதான். எதையும் பூசுவதில்லை. மேட்டைக் குறைத்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம்.

வேலைக்கு வருவோம். புல்லட்டின் இடப்பக்கப் பெரிய கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். ஆயிலை வடித்துவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும். வந்த கவரைப் பார்த்தால்... அலுமினியத்தையே காணோம்! ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் உள்ளூர் மெக்கானிக் பக்தியோடு அடித்த சில்வர் பெயின்ட்தான் அடுக்கடுக்காக இருந்தது.

முதல் வேலை அதை உரிப்பது. பெயின்ட் கடையில் 'ரிமூவர்' என்று கேட்டால் கூழ் மாதிரி ஒன்று தருவார்கள். பிரஷ்ஷால் தடவி, கால் மணி நேரம் காத்திருந்தால் பெயின்ட் அப்பளம் போல் பொரிந்து எழும்பும். மரக்குச்சியால் வழித்துவிடலாம். கையுறை கட்டாயம். திறந்தவெளியில் செய்யுங்கள். கையில் பட்டால் எரிச்சல் உயிர்போகும். வாசனையும் நெஞ்சுக்கு ஆகாது.

'எதுக்கு சார் செலவு? காஸ்டிக் சோடாவுல முக்கினா போயிடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொன்னவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். காஸ்டிக் சோடா பெயின்ட்டோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும். புஸ்ஸென்று நுரைத்து வருவது ஹைட்ரஜன் வாயு. நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். மிஞ்சுகிற கவரும் கறுத்துப்போகும். காரத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரியும். இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு துண்டு புளியையோ எலுமிச்சைத் தோலையோ போடுகிறார்களே, எதற்கு? பானை கறுக்காமல் இருக்கத்தான்!

அடுத்தது வாட்டர் பேப்பர். நம்பர் ஏற ஏற நைஸாகும். 220-ல் ஆரம்பித்து 400, 600, 800, 1000, 1500 என்று போகவேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சூத்திரம்தான்: ஒரு நம்பரை மேலும் கீழுமாகத் தேய்த்தால், அடுத்த நம்பரைக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். பழைய கோடுகள் மொத்தமும் மறைந்து, புதுக் கோடுகள் மட்டும் தெரிகிறவரைக்கும் அடுத்த பேப்பரைத் தொடக்கூடாது.

பெரியப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே கையை நீட்டுவார். கவரைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். "இந்த மூலையில 400 கோடு இன்னும் இருக்கு பாரு" என்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நிஜமாகவே இருக்கும். நாலு நாள், நாலு கவர். என் விரல் ரேகையில் பாதி அந்தப் பேப்பரோடு போய்விட்டது.

கடைசிக் கட்டத்துக்கு மெஷின் வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்குக்கு பாலீஷ் போடும் பட்டறை ஒன்றில் கேட்டேன். பட்டறைக்காரர் கவரை வாங்கி எடை பார்ப்பது போல் தூக்கிப் பார்த்தார். "பித்தளை ஓடுன வீல்ல இதைப் போடக்கூடாது சார். வீல்ல துகள் ஒட்டியிருக்கும், கீறிப்புடும். புதுத் துணி வீல் மாட்டணும்" என்றார்.

மோட்டாரில் துணி வீல் சுழல்கிறது. சோப்புக் கட்டி போல் இருக்கும் மசாலாவை அதில் காட்டிவிட்டு, கவரை வீலின் கீழ்ப்பாதியில் கொடுக்கிறார். மேல்பாதியில் கொடுத்தால் ஓரம் மாட்டி, கவரைப் பிடுங்கி ஆள்மீதே வீசிவிடுமாம். முதலில் கவர் கன்னங்கரேலென்று ஆகிறது. 'ஐயோ!' என்று நினைக்கும்போதே கறுப்பு விலகி, உள்ளிருந்து வெள்ளை வெளிச்சம் கிளம்புகிறது. கூரை தெரிகிறது. டியூப் லைட் தெரிகிறது. அவர் முகம் தெரிகிறது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிய முகம். துணியின் வெளிப்பக்கம் கரியாக இருந்தது. இருபது வருஷமாக இந்த வேலையாம். "சாயங்காலம் மூக்கு சிந்தினா கறுப்பாத்தான் வரும் சார்" என்று சாதாரணமாகச் சொன்னார். அலுமினியத் தூள் குவிந்து கிடந்தால் பொறி பட்டுத் தீப்பிடிக்கும் என்பதால், வேலை ஆரம்பிக்கும் முன்பே தரையைக் கூட்டிவைத்திருந்தார். உங்கள் வண்டியை எங்காவது இப்படிக் கொடுத்தால், கூலி பேசும்போது இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கவர் முடிந்தது. நாலாவது, அந்த இடப்பக்கப் பெரிய கவர். பாதியில் மோட்டாரை நிறுத்தினார்.

"இதுல ஒரு வெட்டு இருக்கு சார்."

இருந்தது. முன்பக்கம், இரண்டு விரற்கடை நீளம். பெயின்ட்டுக்கு அடியில் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தது. பேப்பர் போட்டு இறக்க முடியாத ஆழம். "ஆர்கான் வெல்டிங் வெச்சு அடைச்சுட்டுத் தேச்சா சுத்தமாத் தெரியாது. கும்பகோணத்துல செய்யுறாங்க. என்ன பண்ணட்டும்?"

கவரை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அண்ணன் உடனே லிஸ்ட்டை எடுத்து, 'ஆர்கான் வெல்டிங்' என்று ஒரு வரி சேர்த்தான். பெரியப்பா எதுவும் சொல்லாமல் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து காபியோடு வந்த பெரியம்மாதான் நின்றார்.

"அதை அடைக்க வேணாம்" என்றார்.

"ஏம்மா?"

"அது புளியமரத்துல பட்டது."

1977 நவம்பர் 12-ம் தேதி நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலைப் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் பெரியம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது. பஸ் இல்லை. மாட்டுவண்டி போக வழியில்லை. பெரியப்பா புல்லட்டை எடுத்திருக்கிறார். ரோடு முழுக்க மரங்கள். சின்ன மரம் என்றால் வயலில் இறக்கிச் சுற்றிப் போய்விடலாம். ஓர் இடத்தில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். பெரியம்மாவை மைல்கல்லில் உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்த ஆட்களோடு சேர்ந்து வண்டியைத் தூக்கியிருக்கிறார். நனைந்த கை வழுக்கி, ஒடிந்த கிளையின் முண்டில் வண்டி மோதி, கீழே கருங்கல் ஜல்லியில் விழுந்தது.

"விழுந்த சத்தத்துல எனக்கு உசிரே போச்சு. ஆயில் எல்லாம் கொட்டிப்போச்சு, இனிமே வண்டி போவாதுன்னு நெனச்சேன். உங்கப்பா ஒரே ஒதை. கிளம்பிருச்சு" என்றார் பெரியம்மா. பிறகு காபி டம்ளரை அண்ணனிடம் நீட்டி, "சாயங்காலம் நீ பொறந்தே" என்றார்.

அண்ணனுக்கு 48 வயது. அவன் பிறந்தநாளை வருஷா வருஷம் கொண்டாடுகிற வீடு அது. ஆனாலும் இந்தக் கதையை யாரும் அவனிடம் சொன்னதில்லை. அவன் கேட்கவுமில்லை. பெரியப்பாவைப் பார்த்தான். அவர், "அன்னிக்கு ஆயில் ஒண்ணும் பெருசா கொட்டலை. இவளுக்கு எல்லாம் பெருசாத்தான் தெரியும்" என்று முணுமுணுத்தார்.

அண்ணன் பேனாவை எடுத்து லிஸ்ட்டில் கடைசி வரியை அடித்தான். கொஞ்சம் கழித்து, 'பெங்களூர் லாரி வாடகை' என்ற வரியையும் அடித்தான்.

மறுநாள் அவனே கவரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். "சுத்தி பாலீஷ் போடுங்க. இதை மட்டும் விட்டுடுங்க" என்றான். பட்டறைக்காரர் காரணம் கேட்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் கை கிழிக்காதபடி லேசாக மழுக்கிவிட்டு, மீதியைக் கண்ணாடியாக்கிக் கொடுத்தார்.

வண்டி இப்போது திண்ணையில்தான் நிற்கிறது, சாக்கு இல்லாமல். அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஓட்டுகிறான். ஒரு கை மெழுகு பாலீஷ் தடவித் துடைத்தால் போதும், மங்கல் தள்ளிப்போகும். மேலே வார்னிஷ் மாதிரி எதையாவது அடித்துவைக்காதீர்கள். விரிசல் விட்டால் ஈரம் அடியில் புகுந்து, வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் விழும். மறுபடி ரிமூவரில் ஆரம்பிக்கவேண்டும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படித்த படிப்புக்கு மரியாதை இல்லை. ரிமூவர், பேப்பர், பாலீஷ் எல்லாம் 900 ரூபாய். பட்டறைக் கூலி 2,000. என் கூலி நாலு நாள் சாப்பாடு. பதினைந்து ரூபாய் வண்டிக்கு இது அதிகம்தான்!

நீங்களும் ஆரம்பிப்பதென்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பேப்பரைத் தண்ணீரில் நனைப்பதற்கு முன்னால், அந்த வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்களை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். எந்தக் கோட்டை எடுக்கலாம், எதை விடணும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.