மோந்த்ரேயிலிருந்து வில்நெவ் வரை

ஸ்விட்ஸர்லாந்து என்றாலே மலையேற்றம் என்று நம்மவர்களிடம் ஒரு பிரமை வேரூன்றியிருக்கிறது. கயிறும் கோடரியும் ஆணியடித்த பூட்ஸும் இல்லாதவர்களுக்கு அந்தத் தேசத்தில் நடக்க இடமில்லை என்று எண்ணி, எல்லாவற்றையும் ரயில் ஜன்னல் வழியாகவே பார்த்துத் திருப்தியடைந்து திரும்புகிறவர்கள் அநேகர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். முழங்கால் வலிக்காரர்களும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும், அவசரமே அறியாத வயோதிகர்களும் சௌக்கியமாய் நடக்கக்கூடிய பாதை ஒன்று அங்கே உண்டு. ஒரு பக்கம் ஏரி, எதிரே பனிமலை, தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பாதை முழுவதும் சமதளம்.

பூகோள பாடத்தில் ஜினீவா ஏரி என்று நாம் படித்தது, அந்தப் பிரதேசத்து ஜனங்களுக்கு லெமான் ஏரி. பிறைச் சந்திரனைப் போல் வளைந்து கிடக்கும் அதன் விஸ்தீரணம் சுமார் 580 சதுர கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 300 மீட்டருக்கும் அதிகம். கிழக்கு நுனியில் ரோன் நதி ஏரிக்குள் புகுந்து, மேற்கு நுனியில் ஜினீவா நகரத்தின் நடுவே வெளியேறுகிறது. மலையிலிருந்து மண்ணும் மணலும் சுமந்து கலங்கி வரும் நதி, அவ்வளவையும் ஏரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பளிங்கு போல் தெளிந்து மறு பக்கம் போகிறது. வடகரை ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்தது; தென்கரையின் பெரும்பகுதி பிரான்ஸைச் சேர்ந்தது.

கிழக்கு நுனிக்கு அருகே, வடகரையில், மோந்த்ரே என்ற பட்டணம் இருக்கிறது. அங்கிருந்துதான் புறப்பட்டோம். நாங்கள் மொத்தம் நால்வர். அவர்களில் எங்கள் நண்பருடைய தாயாரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர். புடைவையின் மேல் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "நீங்கள் முன்னால் போங்கள், நான் என் பாட்டுக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஊருக்குப் பின்னாலுள்ள மலைகள் வடகாற்றைத் தடுத்துவிடுவதால், மோந்த்ரேயில் குளிர் அவ்வளவு கடுமையாக இராது. ஏரிக்கரை நெடுகப் பூச்செடிகள். இடையிடையே பனை ஜாதி மரங்கள். பனிமலையைப் பார்த்துக்கொண்டு பனைக்குல மரங்கள் நிற்பதைக் கண்டால், இரண்டில் ஒன்று வழி தவறி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. சந்தைச் சதுக்கத்துக்கு எதிரே, ஏரிக்கரையில், கையை உயர்த்தி நிற்கும் ஒரு வெண்கலச் சிலையைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஃப்ரெடி மெர்க்குரி என்ற பாடகருடைய சிலை அது. 1996-இல் வைத்தார்கள். ஸான்ஸிபாரில் பார்ஸிக் குடும்பத்தில் பிறந்து, நம் பஞ்சகனியில் பள்ளிக்கூடப் படிப்புப் படித்தவர் அவர் என்பது சிலையோடு படம் எடுத்துக்கொள்ளும் அத்தனை பேருக்கும் தெரியுமோ என்னவோ!

வழி தவறுமோ என்ற கவலை வேண்டியதில்லை. ஸ்விட்ஸர்லாந்து முழுவதும் நடைபாதைகளுக்கு மஞ்சள் நிறப் பலகைகள் நாட்டியிருக்கிறார்கள். அவற்றில் தூரத்தை எழுதுவதில்லை. எத்தனை நேரம் நடக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். கால்களுக்குத் தெரிந்த கணக்கு கிலோமீட்டர் அல்ல, நாழிகைதான் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு. நம் நாட்டுச் சாலைகளிலும் இதைக் கைக்கொள்ளலாம்.

ஏரி எங்களுக்கு வலப்புறம். ஐப்பசி மாதமானபடியால் கரையோர மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் மலைகள் நீரிலிருந்தே செங்குத்தாக எழும்பினாற் போல் நின்றன. எங்களுக்கு நேர் எதிரே, ரோன் பள்ளத்தாக்கின் வாயிலில், புதிதாய் விழுந்த பனியோடு ஒரு சிகர வரிசை தென்பட்டது. நண்பரின் தாயார் அதைக் கண்டு நின்றார்.

"ஏண்டா, இதென்ன பல்வரிசை மாதிரி இருக்கிறதே! நடுவிலே ஒன்றிரண்டு விழுந்தும் போயிருக்கிறது!" என்றார்.

அந்த மலைக்குத் 'தாந் து மிதி' என்று பெயர். 'நடுப்பகலின் பற்கள்' என்று பொருள் கொள்ளலாம். பெயர் தெரியாமலேயே பெயர் வைத்துவிட்ட பெருமை அம்மாளைச் சேர்ந்தது. அவற்றில் மிக உயர்ந்த சிகரம் 3,257 மீட்டர். நடக்க நடக்க அது மரங்களுக்குப் பின்னால் மறைவதும் மறுபடி தோன்றுவதுமாக விளையாட்டுக் காட்டிற்று.

தெரித்தே என்ற இடத்தில் ஆஸ்திரிய சக்கரவர்த்தினி எலிஸபெத்தின் சிலை இருக்கிறது. அரண்மனை வாழ்வில் மனம் ஒட்டாமல் ஊர் ஊராய்த் திரிந்தவர் அவர். இந்த இடத்துக்கு வருவதில் அவருக்கு மிகவும் பிரியம். 1898-இல் இதே ஏரியின் மறு கோடியில், ஜினீவாவில், கொலையுண்டு இறந்தார். இதைத் தாண்டியதும் பாதையின் அமைதி கொஞ்சம் குறைகிறது. இடப்புறம் ரயில் பாதை நெருங்கி வருகிறது. மேலே மலைச் சரிவில் நெடுந்தூணிட்ட பாலத்தின் மீது மோட்டார்கள் ஓயாமல் ஓடுகின்றன. அந்த இரைச்சலை எழுதாமல் விட்டால் நேயர்களை ஏமாற்றியதாகும். ஆனால், ஒரு திருப்பம் திரும்பியதும் அது காதில் விழாமல் போய்விடுகிறது. ஏனெனில், கண்முன் ஷில்லோன் கோட்டை!

கரைக்குச் சில அடி தூரத்தில், நீருக்குள் இருக்கும் ஒரு பாறையின் மேல் அதைக் கட்டியிருக்கிறார்கள். பாறை எந்த வடிவமோ அந்த வடிவமே கோட்டைக்கும். கரையோடு அதைச் சேர்ப்பது ஒரு சிறு பாலம். நிலத்தைப் பார்த்த பக்கம் அம்பெய்யும் துவாரங்களும் காவற் கோபுரங்களும். ஏரியைப் பார்த்த பக்கம் அழகிய ஜன்னல்கள். பிரபுக்களுக்குப் பயம் ஒரு பக்கம், இன்பம் ஒரு பக்கம். மத்திய காலத்தில் ஸவாய் வமிசத்தார் இந்த ராஜபாட்டையில் போவோர் வருவோரிடம் சுங்கம் வாங்கிக்கொண்டு இங்கிருந்து ஆண்டார்கள்.

மேல்மாடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய கணப்புகளும் பழைய பெட்டிகளும் எல்லாக் கோட்டைகளிலும் உள்ளவைதாம். பார்க்க வேண்டியது நிலவறை. பாறையைக் குடைந்தும் வளைவு கட்டியும் அமைத்த நீண்ட கூடம். நடுவே வரிசையாய்த் தூண்கள். குறுகிய துவாரங்களின் வழியாக நுழையும் வெயில், வெளியே அலை அசையும்போதெல்லாம் கூரை வளைவில் நடுங்குகிறது. சுவருக்கு அப்பால் நீர் மோதும் சத்தம் கேட்கிறது. அந்தத் தூண்களில் ஒன்றில் பொனிவார் என்ற ஜினீவாத் துறவியைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஸவாய் பிரபுவின் ஆதிக்கத்தை எதிர்த்ததுதான் அவர் செய்த குற்றம். 1530-இல் பிடிபட்டார், கடைசி நான்கு வருஷம் இந்த நிலவறையில் கழிந்தது. 1536-இல் பெர்ன் நகரத்தார் கோட்டையைப் பிடித்தபோது விடுதலையானார்.

1816-இல் ஆங்கிலக் கவி பைரன், ஷெல்லியோடு படகில் வந்து இதைப் பார்த்தார். பார்த்த சூட்டோடு 'ஷில்லோன் கைதி' என்ற காவியத்தை எழுதினார். அதில் கைதியின் சகோதரர்கள் அவன் கண்ணெதிரே மாண்டு போகிறார்கள். விடுதலை வரும்போது அவனுக்குச் சிறையே வீடாகிவிட்டிருக்கிறது. உண்மையான பொனிவாருக்கோ அப்படியெல்லாம் நேரவில்லை. ஜினீவாவுக்குத் திரும்பி, சரித்திரம் எழுதி, நான்கு முறை விவாகம் செய்துகொண்டு, 1570 வரை வாழ்ந்தார்! தூண் ஒன்றில் பைரன் செதுக்கியது என்று சொல்லப்படும் கையெழுத்துக்கு இப்போது கண்ணாடி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். சிறைப்பட்டவனின் தடத்தைவிடப் பாடியவனின் தடத்துக்குக் காவல் அதிகம்.

இதே கோட்டையில் பாட்டில் ஏறாத கைதிகளும் இருந்தார்கள். 1348-இல் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று யூதர்கள் மீது பழி சுமத்தி, அவர்களை இங்கே சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தப் பொய் வாக்குமூலங்களின் நகல்கள் மற்ற ஊர்களுக்குப் போயின. அங்கேயும் யூதர்களைக் கொன்றார்கள். இதைச் சொன்னபோது நண்பரின் தாயார் தூணிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "போதும், வெளியே போகலாம்" என்றார்.

வெளியே நல்ல வெயில். கோட்டைக்கு அப்பால் அரை மணி நடந்தால் வில்நெவ். உல்லாசப் பிரயாணிகளில் முக்கால்வாசிப் பேர் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். இந்தியர்கள் அப்படித் திரும்பக் கூடாது என்பது எங்கள் கட்சி. பாதை மரநிழலில் போகிறது. ஏரியில், தோட்டத்துத் திண்ணையளவே உள்ள ஒரு தீவு தெரிகிறது. அதையும் பைரன் தம் காவியத்தில் சேர்த்துக்கொண்டார். ஊர் நெருங்கும் இடத்தில்தான் 'வில்லா ஓல்கா' என்ற வீட்டில் பிரெஞ்சு ஆசிரியர் ரோமேன் ரோலாந்து 1922 முதல் 1938 வரை வசித்தார். 1915-ஆம் வருஷத்து நோபல் இலக்கியப் பரிசு பெற்றவர். இந்தியாவுக்கு வராமலே 1924-இல் மகாத்மா காந்தியைப் பற்றிப் புஸ்தகம் வெளியிட்டு, ஐரோப்பாவுக்கு அவரை அறிமுகப்படுத்தினார். பீத்தோவன் சங்கீதத்தில் மோகம் கொண்டு ரோலாந்தைத் தேடி வந்த ஆங்கிலக் கடற்படை அதிபதி ஒருவரின் குமாரி, அவர் சொல்லித்தான் காந்தியைப் பற்றி முதன்முதலில் அறிந்தாள்; 1925-இல் ஸபர்மதி போய்ச் சேர்ந்து மீராபென் ஆனாள். 1926-இல் தாகூர் இங்கே வந்தார். 1935-இல் ஸுபாஷ் சந்திர போஸ் வந்தார்.

1931 டிஸம்பர் 6-ஆம் தேதி மாலை மகாத்மாவே வந்தார். லண்டனில் வட்டமேஜை மகாநாடு பலனின்றி முடிந்திருந்தது. அவருக்கு வயது 62, ரோலாந்துக்கு 65. வீட்டுக்காரர் மார்புச் சளியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை, மகாத்மாவின் மௌன தினம். ஆகவே ரோலாந்து பேச, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நாள் அந்தச் சிற்றூர் அமளிப்பட்டது. ஏரிப் பிரதேசத்துப் பால்காரர் சங்கத்தார், 'இந்திய ராஜா'வுக்குப் பால் கொடுக்கும் உரிமை தங்களுக்கே வேண்டும் என்று டெலிபோன் செய்தார்களாம். லாட்டரியில் பரிசு விழும் எண்களைச் சொல்லும்படி இத்தாலியர்கள் மகாத்மாவுக்குக் கடிதம் போட்டார்களாம்! ரோலாந்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இவற்றையெல்லாம் வேடிக்கையாக வர்ணித்திருக்கிறார். இடையில் மகாத்மா லோஸானுக்கும் ஜினீவாவுக்கும் போய்ப் பொதுக்கூட்டங்களில் பேசினார். கடைசி நாள் மாலை, பிரார்த்தனை முடிந்ததும், பீத்தோவனை வாசிக்கும்படி அவரே கேட்க, நோயாளி எழுந்து பியானோவில் ஐந்தாவது ஸிம்பனியிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார்.

டிஸம்பர் 11-ஆம் தேதி விடைபெற்று, மகாத்மா இத்தாலிக்கு ரயிலேறினார். 28-ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். அடுத்த வாரமே, 1932 ஜனவரி 4-ஆம் தேதி விடியுமுன், அவரைக் கைது செய்து எரவாடா சிறைக்குக் கொண்டு போனார்கள். ரோலாந்து 1944-இல் பிரான்ஸில் காலமானார். அவர்கள் மறுபடி சந்திக்கவில்லை.

வில்நெவ் படகுத் துறையில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மோந்த்ரேக்குத் திரும்ப ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு; நீராவிக் கப்பலில் வந்தால் நடந்த பாதை முழுவதையும் நீரிலிருந்து பார்க்கலாம். நண்பரின் தாயார் கப்பல்தான் வேண்டும் என்றார். அதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. துறையிலிருந்து திரும்பிப் பார்த்தால், கரை வளைவுக்கு அப்பால் ஷில்லோன் கோட்டை நீரில் நிற்பது நன்றாய்த் தெரிகிறது. விடியற்காலையில் எழுந்து நடப்பது மகாத்மாவின் வழக்கம் அல்லவா? இந்தக் கரையில் அந்த ஐந்து நாட்களும் எந்தத் திசையில் நடந்தாரோ என்று நண்பர் கேட்டார். "கோட்டையைப் பார்த்துத்தான் நடந்திருப்பார், அவருக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு, அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தாந் து மிதியின் மேல் வெயில் சிவக்கத் தொடங்கியிருந்தது.