நிற்கத் தெரிந்த கை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் வட்டாரத்தில், கரங்கானுக்கு அருகே, இன்று செம்பனையின் நிழல் கவிந்து கிடக்கும் ஒரு தோட்டத்தில், ரப்பர்ப் பால்மரங்கள் நிரை நிரையாக நின்றிருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். விடிவதற்கு வெகுநேரம் முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளுக்குள் நுழைந்த என் தாயாரின் கையில் இருந்த உளி, நான் அறிந்த முதல் நுண்கருவி. பால் நிறைந்த குழல்கள் பட்டையின் உட்புறத்தில்தான் செறிந்திருக்கின்றன. மரத்தின் ஜீவனாகிய பசுந்தோலோ அவற்றுக்கும் உள்ளே இருக்கிறது. ஆழம் குறைந்தால் பால் இறங்காது. ஆழம் மிஞ்சினால் மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் முண்டு கட்டிவிடும். ஆகவே உளியானது, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்து நின்றுவிட வேண்டும். காயம் பட்டுவிட்டால் அதன்மேல் மண்ணைப் பூசி மேற்பார்வையாளரான மண்டோரின் கண்ணுக்கு மறைப்பவர்களும் உண்டு. அம்மா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை; காயத்தைத் தானே காட்டி, ஏச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த முறை அதே மரத்தின் முன் கையை இலேசாக்கி நிற்பாள்.

அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவரும், சிறுவயது முதல் நான் பெரியம்மா என்று அழைத்துவருபவருமான மூதாட்டிக்கு, இரண்டு கண்களிலும் புரை முற்றிவிட்டது. வாசலில் வந்து நிற்பவர் யாரென்று குரலைக் கொண்டுதான் அறிகிறார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நான் சொன்னபோது அவர் அச்சத்தைக் காட்டவில்லை. ஒரு தொழிலாளியின் கேள்வியைத்தான் கேட்டார்.

“அறுக்கறவங்க கை பழகின கையா, தம்பி? புதுக்கை மரத்த என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்.”

இக்கேள்விக்கு வாய்க்கு வந்த சமாதானத்தைச் சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணை அறுக்கும் கை எவ்வாறு பழகுகிறது என்பதை நேரில் கண்டறிந்து வந்து அவருக்குச் சொல்வதே முறை என்று தோன்றியது. கெடாவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில், கண் சிகிச்சையைக் கற்பிக்கும் அம்மையார் ஒருவரை அணுகி, தக்க அனுமதி பெற்று, சில தினங்கள் அவர்களோடு இருந்தேன்.

முதல்நாள் அவர் என்னை அழைத்துச் சென்றது பயிற்சி அறைக்கு. அங்கே பஞ்சுக் கிண்ணங்களில் ஆட்டுக்கண்கள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நுண்ணோக்கி. அதன்மேல் குனிந்தபடி இளம் மருத்துவர்கள், மலாய்க்காரரும் சீனரும் தமிழருமாக. கையின் வித்தையைக் காணச் சென்ற எனக்கு, அவர்கள் காலுக்கே முதலில் பாடம் நடத்தியது வியப்பாக இருந்தது. இடக்கால் நுண்ணோக்கியை ஆள்கிறது. வலக்காலின் கீழுள்ள மிதியிலோ மூன்று நிலைகள்: முதல் அழுத்தில் கண்ணுக்குள் நீர் மட்டும் ஓடும், இரண்டாவதில் அதனோடு உறிஞ்சுதலும் சேரும், மூன்றாவதில்தான் ஊசியின் முனை மீயொலியால் அதிர்ந்து புரையை உடைக்கும். “கையைவிடக் கால்தான் சீக்கிரம் பதறும், சார். பயந்த கால் கீழே அழுத்தும். அழுத்தக் கூடாத நேரத்தில் அழுத்துவதுதான் பாதி விபத்துக்குக் காரணம்,” என்றார் அம்மையார்.

கண்ணினுள் இருக்கும் வில்லை, ஸ்படிகம் போல் தெளிந்திருக்க வேண்டிய ஒன்று; முதுமையில் அது கலங்கிப் பழுப்பேறுவதையே புரை என்கிறோம். அதனை மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. முன்னுறையில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகக் கிழித்துத் திறந்து, உள்ளிருக்கும் கலங்கிய கருவை உடைத்து எடுத்து, எஞ்சிய அந்த உறைக்குள்ளேயே செயற்கை வில்லையை அமர்த்துவதுதான் இன்றைய முறை. அந்த வட்டத்தைக் கிழிக்கப் பழகுவதற்காக அவர்கள் தக்காளியின் தோலை உரிக்கிறார்கள். கிழிசல் வட்டத்தை விட்டு வெளியே ஓடத் தொடங்கினால், இழுக்கிற கையை அக்கணமே நிறுத்தி, அதன் முனையை மையத்தை நோக்கித் திருப்ப வேண்டும். ஓர் இளைஞர் அன்று பிற்பகலில் இருபது தக்காளிகளை உரித்தார். அவற்றில் எத்தனை வட்டம் தேறியது என்று ஆசிரியை கேட்கவில்லை. எத்தனை இடத்தில் கை நின்றது என்று கேட்டார்.

பின்னுறையோ இன்னும் மெல்லியது. அதன் நடுப்பாகத்தின் கனம் மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் நான்கு கூறளவே. நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். அந்த உறைக்குப் பின்னால் பசைபோன்ற விழிநீரும், அதன் பின்னால் விழித்திரையும் இருக்கின்றன. பட்டையும் பசுந்தோலும் பற்றி அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த உடற்கூறு அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் இரண்டு பெயர்களை நான் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர்தாம், மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், அதே வெட்டின் விளிம்பைச் சன்னமாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு, மலாயாவில் ரப்பர்த் தொழில் வேரூன்ற வழிசெய்தவர். வேறொரு ரிட்லி, ஹெரால்டு என்னும் கண் வைத்தியர், 1949 நவம்பர் 29-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். யுத்தத்தில் அடிபட்ட விமானிகளின் கண்களுக்குள் பாய்ந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் சில்லுகள், உள்ளேயே தங்கியும் கண்ணைப் புண்படுத்தாமல் இருந்ததைக் கவனித்தே அவர் அந்தப் பொருளைத் தேர்ந்தார். ஒருவர் மரத்தையும் மற்றவர் விழியையும் தொட்டனர் என்றாலும், எதனை அறுப்பது என்பதைப் போலவே எதனைத் தொடாமல் விடுவது என்பதையும் ஆராய்ந்ததில் இருவரும் ஒரே வழியினர்.

நம்மவரிலும் இதற்கோர் உன்னத உதாரணம் உண்டு. வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையிலேயே கொடிய முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். கோணிய அந்த விரல்களுக்கு இசையும்படி கருவியைப் பிடிக்கப் பயின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அங்கேயே ஆரோலேப் ஆரம்பிக்கப்பட்டு, செல்வந்தருக்கே எட்டிவந்த செயற்கை வில்லை ஏழைகளின் கண்ணுக்கும் சுலபமாயிற்று. கை என்பது பிறவியில் வாய்ப்பதன்று, சிரத்தையால் ஆக்கிக்கொள்வது என்பதற்கு அவரைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டுவதில்லை.

மூன்றாம் நாள் அறுவைக் கூடத்துக்குள் அனுமதிக்கப்பட்டேன். மேசைமேல் நெல்வயலில் உழைத்த ஒரு மலாய் முதியவர். சொட்டு மருந்தால் கண் மரத்திருந்ததேயன்றி, அவர் விழிப்பாகவே இருந்தார். கிருமியை விலக்குவதற்காகக் கண்ணில் அயோடின் கலந்த திரவத்தை விட்டு, அது தன் வேலையைச் செய்யும் நிமிடங்களைக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்தார்கள். “ஜாங்கான் கெராக், பாக்சிக்,” என்று, அசையாமல் இருக்கும்படி தாதி கனிவாகச் சொன்னார். பயிற்சி பெறும் இளம் பெண் மருத்துவர் ஊசியைப் பிடித்திருக்க, ஆசிரியை துணை நுண்ணோக்கியில் கண் பதித்திருந்தார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வாசல் வழியே நடக்கும் அந்தக் காரியத்தை நான் சுவரில் இருந்த திரையில் பார்த்தேன்.

கரு நான்காகப் பிளந்தது. மூன்று கூறுகள் ஒழுங்காக வெளியேறின. கடைசிக் கூறை நெருங்கியபோது, கண்ணின் முன்னறை திடுமென ஆழ்ந்தது. கருமணி ஒரு கணம் விரிந்தது. எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருடைய மூச்சும் மாறியது விளங்கிற்று. பின்னுறை கிழிந்துவிட்டது.

அக்கணத்தில் மனித சுபாவம் கருவியை வெடுக்கென்று வெளியே இழுக்கத் தூண்டும். அப்படி இழுத்தால் கண்ணினுள் அழுத்தம் சரிந்து, பின்னாலிருக்கும் விழிநீர் கிழிசல் வழியே முன்னே பாய்ந்து, சிறு கிழிசலைப் பெரிதாக்கிவிடும். அந்தப் பெண்ணின் கை நின்றது. கால் முதல் நிலைக்கு ஏறி அங்கேயே தங்கியது. நீர் மட்டும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இடக்கையால் பக்கத்துச் சிறு துவாரத்தின் வழியே பாகு போன்ற மருந்தைச் செலுத்தி, கிழிசலுக்கு அணை கட்டிய பிறகே, ஊசியை வெளியே எடுத்தார். “நல்லது. இனி நான்,” என்றார் ஆசிரியை. இருக்கைகள் மாறின. குரல்கள் உயரவில்லை.

விழிநீர் நிறமற்றது, ஆகவே வெண்ணிறத் துகள்கொண்ட மருந்தைத் தூவி, அது எங்கே முன்னேறியிருக்கிறது என்பதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தார்கள். அதை ஒருபோதும் பிடித்து இழுக்கலாகாது. இழுப்பின் மறுமுனை விழித்திரையில் இருக்கிறது. சிறு வெட்டுக்கருவியால் இருந்த இடத்திலேயே அதை நறுக்கி அகற்றினார்கள். எஞ்சிய கூறு பின்னே நழுவிவிட்டிருந்தால் அதைத் துரத்திச் செல்லாமல், விழித்திரை மருத்துவரிடம் ஒப்படைப்பதே தர்மம் என்று பின்னர் அறிந்தேன். அன்று அது நழுவவில்லை. முதலில் எடுத்துவைத்திருந்த வில்லையை ஒதுக்கிவிட்டு, மூன்று பாகங்களால் ஆன வேறொரு வில்லையை, சேதமுறாத முன்னுறையின் மேல் தாங்கும்படி வைத்தார்கள். கிருமி நுழையாமல் காக்கும் மருந்தைக் கண்ணினுள் செலுத்தி முடித்தார்கள். அப்பழக்கம் தொற்றைப் பெரிதும் குறைப்பதை ஐரோப்பிய ஆய்வொன்று 2007-இல் நிரூபித்தது.

சிகிச்சை முடிந்ததும் அந்த இளம் மருத்துவர் செய்த இரண்டு காரியங்கள் என் நெஞ்சில் நிலைத்துவிட்டன. முதலாவது, முதியவர் அருகே அமர்ந்து, உள்ளே உறை கிழிந்ததையும், அதற்காகச் செய்ததையும், இன்னும் சில வாரம் அடிக்கடி வரவேண்டியிருப்பதையும் அவருடைய மொழியில் பொறுமையாகச் சொன்னது. இரண்டாவது, கணினியின் முன் சென்று அந்தக் கிழிசலைத் தன் பெயரிலேயே பதிந்தது. நம் நாட்டில் புரை சிகிச்சைகளுக்கென 2002-இல் தொடங்கப்பட்ட ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. அதன் துணைகொண்டு ஒவ்வொரு மருத்துவரும் தம் கையின் வரலாற்றை ஒரு கோடாக வரைந்து பார்க்க முடியும். பிழை நேர்ந்தால் கோடு ஏறும், நல்லபடி முடிந்தால் இறங்கும். எல்லையைத் தாண்டி ஏறினால், காரணத்தை ஆராய்ந்து திருத்திக்கொள்ள வேண்டும். அன்று ஏறிய கோட்டை அந்தப் பெண் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஆசிரியை அவர் தோளைத் தொட்டு, “எனக்கும் ஏறியிருக்கிறது, அம்மா. நாளை காலை ஆட்டுக்கண்ணோடு தொடங்குவோம்,” என்றார்.

தேர்ந்த கைகளிலும் நூற்றில் ஓரிரண்டு கண்களில் இந்தக் கிழிசல் நேரவே செய்கிறது. பழகும் கைகளில் அது சற்று மிகும் என்பதும் மறைக்கத்தக்க உண்மையன்று. ஆதலால் பிழையே அறியாத கையைத் தேடுவது வீண் பிரயாசை. பிழை நேர்ந்த கணத்தில் நிற்கவும், நேர்ந்ததை ஒளியாது சொல்லவும், மேலானவரிடம் கருவியைக் கொடுக்கவும் பழகிய கையைத்தான் நாம் தேட வேண்டும். அப்படிப்பட்ட கையை உண்டாக்குவது தனியொருவரின் சாமர்த்தியம் அன்று. எதிரே ஓர் ஆசிரியர் இருக்கையும், ஏச்சுக்கு அஞ்சாமல் எழுதத்தக்க ஓர் ஏடும் அதற்கு வேண்டும்.

கரங்கானுக்குத் திரும்பிய அன்று மாலையே பெரியம்மாவிடம் போனேன். கண்ட அனைத்தையும் சொன்னேன். உறை கிழிந்ததை விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் அதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். வலக்கையின் கட்டைவிரலால் மடியிலிருந்த சேலையின் கரையை, பட்டையின் கனத்தை அளப்பவர்போல், தடவிக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள காயத்துமேல மண்ணு பூசலயே?”

“இல்லை, பெரியம்மா. தானே எழுதி வைத்தது.”

“அப்படின்னா சரி தம்பி. நாளைக்கே போய் எனக்குத் தேதி வாங்கிட்டு வா.”