பெருமாளுக்கு மேல்மாடி

மைசூர் அரண்மனையைப் பார்த்த கண்ணோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் முதலில் சப்பென்றுதான் இருக்கும். தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கோட்டைச் சுவரைத் தாண்டினால், எதிரே ஓட்டுக்கூரையும் மரமுமாக ஒரு பெரிய வீடு. அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றிப் பூமுகம் என்கிற முன்மண்டபத்தில் நுழைந்ததும் அந்த எண்ணம் மாறிவிடுகிறது. அண்ணாந்தால் மேல்தளம் முழுக்க மரப்பூக்கள். தாய்க்கொட்டாரம் என்கிற பழைய பகுதியில் பலாமரத் தூண் ஒன்றில் இழைத்திருக்கும் வேலைப்பாடு, நம்மை நகரவிடுவதில்லை. தரையோ கன்னங்கரேலென்று முகம் காட்டுகிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்ததாம். உச்சி வெயிலிலும் உள்ளங்கால் குளிர்கிறது.

அரண்மனையை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்து, பிடிபட்ட அவர்களின் படைத்தலைவர் டிலனாயைக் கொண்டே தன் படைக்குப் பயிற்சி கொடுக்கவைத்தவர். தன்னை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கியவர். அப்பேர்ப்பட்டவர் 1750இல் நாட்டையே குலதெய்வமான பெருமாள் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, ‘பத்மநாப தாச’னாக ஆண்டார். அந்தக் கணக்கு அரண்மனைக்குள் இருக்கும் உப்பரிகை மாளிகையில் மாடி மாடியாகத் தெரிகிறது. அடியில் கருவூலம். அதற்கு மேலே மூலிகை மரங்களால் ஆன கட்டிலோடு ராஜாவின் படுக்கையறை. உச்சி மாடி, சுவர் நிறைய ஓவியங்களோடு பெருமாளுக்கு.

பக்தி இருந்திருக்கும், சாமர்த்தியமும் இருந்தது. இனி ராஜாவை எதிர்ப்பவன் பெருமாளையே எதிர்த்தவனாகிறான். வாளால் பிடித்த நாட்டைக் காப்பாற்ற இதைவிட வலுவான கோட்டை ஏது?

1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரம் போனது. 1956இல் இந்த ஊர் இருக்கும் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. ஊர் ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு. இதில் யாருக்கும் பெரிய சங்கடமில்லை. அரண்மனைச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் இங்கிருந்து நவராத்திரிக்கு ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது.

போக நினைப்பவர்கள் அந்தப் புறப்பாட்டு நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்பலாம். மற்ற நாளில் போவதென்றால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.