ரயில் பாலத்தின் தலைமேல் ஒரு ரோடு

மயாமியிலிருந்து கீ வெஸ்டுக்குக் காரில் போகிறவர்கள், பாஹியா ஹோண்டா வந்ததும் ஒருமுறையாவது தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே, கடலுக்குள், துருப்பிடித்த ஓர் இரும்புப் பாலம். நடுவில் ஒரு துண்டைக் காணோம். அமைப்பைப் பார்த்தால் ரயில் பாலம். ஆனால் அதன் உச்சந்தலையில் கார் போகிற ரோடு! யாருக்கு வந்தது இந்த யோசனை?

ரயில் விட்டவர் ஹென்றி ஃப்ளாக்லர். ஸ்டாண்டர்ட் ஆயிலில் ராக்ஃபெல்லரின் கூட்டாளி. கடல்மேல் ரயில் என்றதும் 'ஃப்ளாக்லரின் பைத்தியக்காரத்தனம்' என்று சிரித்தார்கள். 1912 ஜனவரியில், 82 வயதில், அதே ரயிலில் கீ வெஸ்ட் போய் இறங்கினார் கிழவர். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு 1935 செப்டம்பர் 2. முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பி, வேலையில்லாமல் நின்ற வீரர்களை அரசாங்கம் அந்தத் தீவுகளில் ரோடு போட அனுப்பியிருந்தது. புயல் வருகிறது, அவர்களை அழைத்து வாருங்கள் என்று மயாமியிலிருந்து ரயில் கிளம்பியது, ரொம்பத் தாமதமாக. ஐலமொராடாவில் கடல் ஏறியடித்ததில் எஞ்சினைத் தவிர பெட்டிகள் எல்லாம் கவிழ்ந்தன. அந்தப் புயலில் செத்தவர்கள் 400க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் இந்த வீரர்கள். போரில் பிழைத்து வந்தவர்கள்!

பாஹியா ஹோண்டா பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் விசேஷம். அடித்துக்கொண்டு போனது, மேட்டுத் தீவுகளில் மண் கொட்டி எழுப்பிய பாதையை. ஏற்கெனவே நொடித்துப் போயிருந்த ரயில் கம்பெனி, மிச்சத்தை 6,40,000 டாலருக்கு மாநில அரசிடம் விற்றுவிட்டுக் கையைக் கழுவியது.

அரசு 1938இல் அதையே நெடுஞ்சாலை ஆக்கியது. மற்ற பாலங்களில் தளத்தை அகலப்படுத்திவிட்டார்கள். பாஹியா ஹோண்டாவில் கடல் ஆழம் அதிகம் என்பதால் இரும்புச் சட்டகப் பாலம். உள்ளே ஒற்றை ரயில் போகத்தான் இடம். எதிரெதிரே இரண்டு கார் போக முடியாது. அதனால் சட்டகத்தின் மேலேயே ரோட்டைத் தூக்கி வைத்துவிட்டார்கள். 1972இல் பக்கத்தில் புதுப் பாலம் வரும்வரை கார்கள் அந்த உயரத்தில்தான் ஓடின. (தலைசுற்றல் உள்ளவர்கள் என்ன செய்தார்களோ!) பிறகு படகுகள் போவதற்காக நடுத்துண்டை எடுத்துவிட்டார்கள்.

அந்த வீரர்கள் கட்ட ஆரம்பித்த பாலத்தின் கான்கிரீட் தூண்கள் சில லோயர் மட்டகம்பே தீவுக்கு அருகே இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. உயரம் இல்லை. காரில் போகும்போது கண்ணில் படாமலே கடந்துவிடலாம்.